பதக்கம் யாருக்கு?

வணக்கம் ஐயா,
நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிராந்தியச் செய்தியாளர். அமெரிக்காவின் புலிட்சர் பத்திரிகை விருதில் பொதுச்சேவைக்கான தங்கப் பதக்கம் எழுதினவருக்கு இல்லையாம், பத்திரிகைக்குத்தானாம். வெயிலில் அலைகிறவன் நான், பதக்கம் கந்தோருக்கா? இங்கே பத்திரிகை விருது கொடுக்கும் கொழும்பு நடுவர்கள் தமிழ்ச் செய்திகளை ஒழுங்காக வாசிக்கிறார்களா என்பதும் சந்தேகம்.
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கொழும்பு நடுவர்களை விடும். அது வருடாவருடம் கேட்கும் புலம்பல். நம்முடைய பேராசிரியர் கைலாசபதி பெயரிலேயே அங்கே ஒரு விருது இருக்கிறது, எழுதி அனுப்பும்.

பதக்கத்துக்கு வருவோம். 1973 இல் வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டு வந்ததற்காக அது வாஷிங்டன் போஸ்டுக்குத்தான் போனது. அதனால் அதை எழுதின வுட்வேர்டையும் பேர்ன்ஸ்டீனையும் உலகம் மறந்தா போய்விட்டது?

2006 மே 2 இரவு யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டார்கள். விடிந்தால் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். யுனெஸ்கோ அந்த வருடம் அதைக் கொழும்பில்தான் நடத்தியது. செத்த இருவரில் ஒருவர்கூடச் செய்தியாளர் இல்லை. ஒருவர் விற்பனைப் பகுதி, மற்றவர் விநியோகம். 2013 இல் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு தன் விருதை உதயன் என்ற பேப்பருக்கே கொடுத்தது. ஓர் ஆளின் பெயருக்குக் கொடுத்திருந்தால் இந்த இரண்டு பேரும் அதில் எங்கே வருவார்கள், சொல்லும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பேப்பர் கோடு போட்ட கொப்பித் தாளில் வரும். மை ஊறி, முன்பக்கத்துச் செய்திக்குள் பின்பக்கத்து மரண அறிவித்தல் தெரியும். எங்கள் ஒழுங்கைக்குக் கொண்டுவரும் அண்ணை, "வாசிச்சிட்டு பக்கத்து வீட்டுக்கும் குடுங்கோ" என்று சொல்லித்தான் தருவார். அவர் வராத நாளில், எவ்வளவு பெரிய செய்தியாளர் எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது செய்தியே இல்லை. பொதுச்சேவை என்றால் எனக்கு முதலில் அவர்தான்.

செய்திக்கு இவ்வளவு என்று முதலாளி உமக்குக் கிள்ளித் தருவது வேறு வழக்கு. அந்தச் சண்டையைப் பிடியும், நானும் வருகிறேன். பதக்கத்தால் அது தீராது.

ஒன்று மட்டும் கோபம் வந்தது. கடிதம் முழுக்க 'நான்' தான். உம்முடைய பக்கத்துச் சுன்னாகத்தில் கிணற்று வாளியில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் மிதந்தபோது படம் எடுக்க எல்லாரும் ஓடி வந்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்த அன்றைக்கு எல்லாப் பேப்பரிலும் அது செய்தி. அப்புறம்? எந்த வீட்டுக்கு எவ்வளவு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, அந்தத் தண்ணீரை இப்போது குடிக்கிறார்களா? வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும். வந்ததும் எனக்கும் ஒரு பேப்பர் அனுப்பும்.