ரொறன்ரோவில் மணித்தியாலச் சம்பளம் கூடினால் குசினிக்குள் என்ன நடக்கும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ஊர் மட்டக்களப்புப் பக்கம் கிரான், பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் மூன்று வருட வேலை, இனிப் படிக்க ரொறன்ரோ வரப்போகிறீர்கள். இங்கே மணித்தியாலத்துக்கு 17.60 டொலர், கிழமைக்கு 40 மணித்தியாலம் நின்றால் மாதம் ஆறு இலட்சம் ரூபாய்க்கு மேல் வரும்தானே என்று கேட்கிறீர்கள். சம்பளத்தைக் கூட்டிக் கூட்டி இப்போது கடைக்காரர் ஆள் எடுப்பதில்லை என்று ஒருவர் சொன்னாராம், இன்னொருவர் 12 டொலர்படி கையில் காசு தாறன் வா என்றாராம். நானும் அந்தப் பக்கம்தான், களுவாஞ்சிகுடி. 2004 இல் வந்த நாளிலிருந்து சாப்பாட்டுக் கடைக் குசினிகளில்தான் இருக்கிறேன், இப்போது ஒரு கடையில் யார் எந்த நேரம் வேலைக்கு வருவது என்று அட்டவணை போடுவதும் நான்தான்.

முதலில் அந்த ஆறு இலட்சத்தை மறந்துவிடுங்கள். 17.60 சரி, 2025 ஒக்ரோபர் முதல், ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அதுதான் ஆகக்குறைந்த சம்பளம். ஆனால் படிக்க வருபவருக்கு, வகுப்பு நடக்கும் காலத்தில், கல்லூரிக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்ய அனுமதி. அப்படிப் பார்த்தால் கிழமைக்கு 422 டொலர். ஓய்வூதியப் பிடிப்பு, வேலையிழப்புக் காப்புறுதி, வரி எல்லாம் போக மாதம் 1,600 டொலருக்குக் கொஞ்சம் மேலே கையில் வரும். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்டில் ஓர் அறைக்கு 800, 900 கேட்கிறார்கள். மிச்சத்தில் பஸ், போன், சாப்பாடு. ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை விமானத்தில் ஏற முதலே விட்டுவிடுங்கள், ஏனென்றால் உழைப்பதும் டொலர், செலவழிப்பதும் டொலர். முழுநேரம் உழைக்கிறவருக்கே காணாது. ரொறன்ரோ பகுதியில் ஒருவர் கடன்படாமல் வாழ மணித்தியாலத்துக்கு 26 டொலர் வேண்டும் என்று 2024 இல் ஒன்ராறியோ லிவிங் வேஜ் நெற்வேர்க் என்ற அமைப்பு கணக்குப் போட்டது.

சம்பளம் கூடினால் ஆள் எடுக்கமாட்டார்கள் என்ற கதைக்கு வருவோம். அது பாதி உண்மை, அந்தப் பாதியை நான் கண்ணால் பார்த்தவன். 2018 ஜனவரி 1 அன்று ஆகக்குறைந்த சம்பளம் 11.60 இலிருந்து ஒரேயடியாக 14 டொலர் ஆனது. அப்போது நான் வேலை செய்த கடையில் குசினிக்குள் ஆறு பேர். டிசம்பர் முழுக்க முதலாளியின் முகத்தில் சிரிப்பே இல்லை. ஜனவரி நடுப்பகுதியில் புதிய மெனு வந்தது, அநேகமாக எல்லாச் சாப்பாட்டிலும் ஒரு டொலர், ஒன்றரை டொலர் கூட. மத்தியானம் இரண்டரைக்கும் ஐந்துக்கும் இடையில் கடையைப் பூட்டத் தொடங்கினார், அந்த நேரம் எங்களுக்குச் சம்பளம் இல்லை, வீட்டுக்குப் போய்வரவும் நேரம் காணாது, பின்கதவுப் படியில் ஜக்கற்றோடு குந்தியிருந்தோம். வேலை நேரத்தில் சும்மா கிடைத்த சாப்பாட்டுக்குப் பாதி விலை கேட்டார். கோப்பை கழுவ இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவரை நிற்பாட்டிவிட்டு அந்த வேலையை மரக்கறி வெட்டுகிறவரின் தலையில் போட்டார். எனக்குக் கிழமைக்கு 44 மணித்தியாலம் இருந்தது 38 ஆனது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 44 ஐ 11.60 ஆல் பெருக்கினால் 510 டொலர், 38 ஐ 14 ஆல் பெருக்கினால் 532. ஆறு மணித்தியாலம் குறைவாக நின்று 22 டொலர் கூட எடுத்தேன். நிற்பாட்டப்பட்டவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, அவர் வேறு வேலை தேட இரண்டு மாதம் அலைந்தார், அதை நான் மறைக்க மாட்டேன். இருந்தாலும் சம்பளத்தைக் கூட்டியது பிழை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எதிர்த்துக் கதைப்பேன். அந்த முதலாளி கடைசியில் கடையைப் பூட்டியது எங்கள் சம்பளத்தால் அல்ல. கட்டடக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கேட்ட தொகையால். வாடகை ஏறினால் எல்லாரும் பேசாமல் கட்டுகிறார்கள், கோப்பை கழுவுகிறவரின் சம்பளம் ஏறினால்தான் ஊரே கதைக்கிறது.

2019 இல் 15 டொலர் ஆக்குவதாக இருந்ததை அடுத்து வந்த அரசாங்கம் நிறுத்தியது, 2020 ஒக்ரோபர் வரை 14 தான். இப்போது ஒவ்வொரு ஒக்ரோபரும் விலைவாசியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். கடைசியாகக் கூடியது 40 சதம். 40 சதத்துக்காக யாரும் கடை பூட்டுவதில்லை, ஆளைக் குறைப்பதும் அரிது. ஆள் எடுக்காததற்குக் காரணம் பெரும்பாலும் பருவம். பாசிக்குடாவில் மாரிமழை தொடங்க வெள்ளைக்காரர் குறைந்து ஹோட்டலில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார்களே, இங்கே ஜனவரியும் பெப்ரவரியும் அப்படித்தான். ஏப்ரலில் வேலை தேடுங்கள்.

டிப்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஹோட்டலில் பத்து வீத சேர்விஸ் சார்ஜை எல்லாருக்கும் பிரிப்பது போல இங்கே தானாக நடக்காது. முன்பு மதுபானம் பரிமாறுகிறவர்களுக்குத் தனியான, குறைந்த சம்பளம் இருந்தது, 12.55. 2022 ஜனவரியில் அதை எடுத்துவிட்டு அவர்களுக்கும் 15 ஆக்கினார்கள். டிப்ஸ் அவர்களுக்கே தொடர்ந்தும் போக, குசினிக்காரருக்குள் புகைச்சல் வந்தது. நல்ல கடையில் ஒரு பங்கு குசினிக்கு வரும், எவ்வளவு என்று சேரும்போதே கேளுங்கள். முதலாளி டிப்ஸில் கை வைக்கக் கூடாது, தானும் அதே வேலையைச் செய்தால் மட்டும் பங்கு எடுக்கலாம். கோப்பை உடைந்தது, வாடிக்கையாளர் காசு கட்டாமல் போனார் என்று சம்பளத்தில் வெட்டுவதும் சட்டவிரோதம். இரண்டு நாள் சும்மா செய்து காட்டு என்றால், அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் உண்டு.

இனி அந்த 12 டொலர். தம்பி, போகவே வேண்டாம். 2004 இல் சட்டப்படி 7.15, எனக்கு ஓர் இடத்தில் கையில் தந்தது 5. எங்கட ஆள்தானே, அவசரத்துக்கு உதவுவார் என்று ஏழு மாதம் நின்றேன். ஒரு நாள் எண்ணெய்ச் சட்டி சரிந்து இடது கை முழங்கைவரை வெந்தது. நான் அங்கே வேலை செய்ததற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை, யாரிடம் போய் என்ன சொல்வது என்றும் தெரியாது. மூன்று கிழமை சம்பளமில்லாமல் அறையில் படுத்திருந்தேன், திரும்பிப் போனபோது என் இடத்தில் வேறு ஒரு பொடியன் நின்றான், அவனும் புதிதாக வந்தவன். எங்கட ஆட்கள்தான் எங்கட ஆட்களை இப்படி வைத்திருந்தார்கள் என்பது இன்றும் எனக்கு ஆறாத விஷயம். காசாக வாங்கினாலும் அந்த 24 மணித்தியாலத்துக்குள் அது அடங்கும், மிஞ்சினால் உங்கள் விசாவுக்குத்தான் ஆபத்து. குறைவாகத் தந்தால் தொழில் அமைச்சில் இரண்டு வருடத்துக்குள் முறையிடலாம், செலவில்லை. தினமும் வந்த நேரம், போன நேரத்தைப் போனில் குறித்து வையுங்கள்.

வந்ததும் உணவு கையாளும் சான்றிதழ் ஒன்றை எடுங்கள். ரொறன்ரோவில் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அது உள்ள ஒருவராவது நிற்க வேண்டும் என்பது விதி, அதனால் உங்களை எடுக்க ஒரு காரணம் கூடும். மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டாம், அது சட்டத்தில் இருக்கிறது. பெப்ரவரியில் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் தருவீர்கள் என்று கேளுங்கள். ஒழுங்கான கடைக்காரர் கொஞ்சம் யோசித்து ஓர் எண் சொல்வார். அதெல்லாம் பிறகு பார்ப்போம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.