பேராசிரியர்கள் மூலம் கல்லூரி மாணவர்களை எங்கள் சூழல் குழுவோடு இணைப்பது எப்படி?

கல்லூரி முதல்வருக்குக் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பதில் வராது. ஏதாவது ஒரு துறையில் ஆர்வமுள்ள ஒரே ஒரு பேராசிரியரைப் பிடியுங்கள். அவரிடமும் ஆள் கேட்காதீர்கள். அவர் நடத்தும் பாடத்துக்குள் பொருந்துகிற வேலையைக் கொண்டுபோங்கள்.

நான் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை எங்கள் செய்முறை வகுப்பில் உண்டு. வருஷா வருஷம் குழாய்த் தண்ணீரில்தான் செய்வார்கள். விடை சீனியரின் ரெக்கார்டிலேயே இருக்கும். ஏரிக்காக வேலை செய்யும் குழுவிலிருந்து ஒருவர் வந்து, "சாக்கடை விழும் இடத்திலும் எதிர்க்கரையிலும் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து தர முடியுமா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போனேன். குமிழி புகாமல் பாட்டிலில் நீரைப் பிடித்து, கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் வீழ்படிவு பழுப்பாகும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். எதிர்க்கரை பாட்டில் பழுப்பானது. சாக்கடைப் பக்கத்து பாட்டில் வெள்ளையாகவே இருந்தது. "அப்போ இங்கே மீன் எப்படி மேடம் இருக்கும்?" என்று கேட்டாள் ஒருத்தி. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே பல மீன்களுக்குத் திண்டாட்டம் என்பது அவள் பரீட்சைக்குப் படித்ததுதான். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு அந்த ஏரியையே எடுத்துக்கொண்டாள்.

மதிப்பெண்ணுக்காக வருகிறவர்களை வைத்து என்ன ஏரிப் பாதுகாப்பு என்று சிலர் கேட்பார்கள். எதற்காக வந்தாலும் அளவு சரியாக இருந்தால் ஏரிக்கு அது உதவும். ஆர்வம் பல பேருக்கு அப்புறம்தான் வருகிறது, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மற்ற துறைகளுக்கும் வேலை இருக்கிறது. விலங்கியல் மாணவர்களுக்கு ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு உண்டு, 1987 முதல் நடக்கிறது. கணினித் துறையை விட்டுவிடாதீர்கள்: உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளம் 2008-ல் பெர்க்லி மாணவர்களின் முதுகலை ப்ராஜெக்டாகத் தொடங்கியதுதான். எந்தத் துறையானாலும் ப்ராஜெக்ட் தலைப்புகள் முடிவாவதற்கு முன்னால் போய்விடுங்கள். பிறகு போனால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். விடுமுறை நாளில் மாணவர்களை நீர்க்கரைக்கு அழைத்துப் போகும் ஆசிரியருக்கு அனுமதிக் கடிதம், பெற்றோர் கையெழுத்து, யாராவது வழுக்கி விழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பு எல்லாம் உண்டு. பதவி உயர்வு நேரத்தில் மட்டும் அதற்குப் பெரிய மதிப்பு கிடைப்பதில்லை. யாரும் படிக்காத கருத்தரங்கக் கட்டுரைக்கு இருக்கும் மரியாதை இதற்கு இல்லை. இதனாலேயே நல்ல ஆசிரியர்கள் சிலர் ஒதுங்கிவிட்டார்கள். சோம்பேறிகள் என்று அவர்களைத் திட்டாதீர்கள்.

உங்களால் முடிந்தது, மாணவர்கள் அளந்ததை வைத்து மனுவோ அறிக்கையோ கொடுக்கும்போது அவர்கள் பெயரையும் துறையின் பெயரையும் போடுங்கள், ஒரு பிரதியைத் துறைக்கு அனுப்புங்கள். அடுத்த வருஷம் அனுமதி கேட்கப் போகும்போது அந்த ஆசிரியர் கையில் காட்ட ஏதாவது இருக்கும்.