டைனிங் டேபிளுக்கு மேல் கொத்து பெண்டன்ட் லைட் மாட்டினால், அந்த அறைக்கு வேறு விளக்கு வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஒரே இடத்திலிருந்து மூன்றோ ஐந்தோ விளக்குகள் ஏற்ற இறக்கமாகத் தொங்கும் கொத்து, மேஜைக்கு வெளிச்சமும் அழகும் தரும். அறையின் மூலைகள் இருட்டாகவே கிடக்கும். பொது வெளிச்சத்துக்கு ட்யூப்லைட்டோ சீலிங் பேனலோ தனி சுவிட்சில் இருக்கட்டும். அப்புறம், படிக்கிற இடத்துக்கு ஒரு டேபிள் லேம்ப், சுவரில் மாட்டிய படத்துக்கு ஒரு சின்ன ஸ்பாட் லைட். அடுக்கு வெளிச்சம் என்பது இவ்வளவுதான்.

கொத்தில் மிகத் தாழ்வாகத் தொங்கும் விளக்கு, மேஜைப் பலகையிலிருந்து 30 முதல் 36 அங்குலம் மேலே இருக்கட்டும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் மறையாது.

நம் வீடுகளில் பெரிய தகராறு ஃபேன்தான். பக்கத்தில் அது ஓடினால் வயர்கள் ஆடிப் பின்னிக்கொள்ளும். கண்ணாடிக் குடுவைகள் கிணுகிணுவென்று மோதும். மேஜைக்குக் காற்று சுவர் ஃபேனிலிருந்து வருவதே நல்லது. கனமான கண்ணாடிக் கொத்தை ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையை நம்பித் தொங்கவிடாதீர்கள், மேலே கான்கிரீட்டில் கொக்கி போடச் சொல்லுங்கள்.

பல்பின் ஒளி நிறம் 2700 முதல் 3000 கெல்வினுக்குள், அதாவது இதமான மஞ்சள் வெளிச்சமாக இருந்தால் சாப்பாடு பார்க்க நன்றாக இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டிம்மர் வைப்பதாக இருந்தால், டிம்மபிள் என்று அட்டையில் போட்ட எல்இடியாகப் பார்த்து வாங்குங்கள். மற்றவை பெரும்பாலும் மினுக்கும்.