ஆண்டிபட்டி அதிமுக கோட்டை என்றால், 2019-லும் 2021-லும் அங்கே திமுக ஜெயித்தது எப்படி?

கோட்டை என்பது உண்மைதான். ஆனால் அது இரட்டை இலையின் கோட்டை. இலைக்கு விழும் ஓட்டு ஒரே பெட்டியில் விழும்வரை இங்கே அவர்களை அசைப்பது கஷ்டம். இரண்டாகப் பிரிந்தால் சூரியன் உதித்துவிடும். எங்கள் தொகுதியின் நாற்பது வருடத் தேர்தல் கதை பெரும்பாலும் இவ்வளவுதான்.

பெயர் நாடெங்கும் தெரிந்தது 1984-ல். எம்ஜிஆர் அதற்கு முன் பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு என்று நின்றவர். அந்த முறை ஆண்டிபட்டிக்கு வந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் வரவே இல்லை. அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். வேட்புமனு அங்கிருந்தபடியே. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே ஊரில் பேச்சு. மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகளை வீடியோவாக எடுத்து வந்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். "தலைவர் நல்லாத்தான் இருக்காரு" என்று ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 60 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு, 32 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம். படுத்துக்கொண்டே ஜெயித்தார் என்று அந்தத் தேர்தலைப் பற்றிச் சொல்வார்கள்.

அப்புறம் 1989. உங்கள் கேள்விக்கான பதில் உண்மையில் அங்கேதான் இருக்கிறது. எம்ஜிஆர் போய்விட்டார், கட்சி உடைந்தது, இலைச் சின்னம் முடக்கப்பட்டது. ஜானகி அம்மையார் கணவருடைய தொகுதி என்ற நம்பிக்கையில் இரட்டைப் புறாவோடு இங்கே நின்றார். சேவல் சின்னத்தில் ஜெயலலிதா அணியின் வேட்பாளர். இலையைத் தேடிப் போனவர்கள் வாக்குச்சீட்டில் அதைக் காணாமல் திகைத்து நின்ற தேர்தல் அது. திமுகவின் ஆசையன் சுமார் 31 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். சேவலுக்குக் கிட்டத்தட்ட 27 ஆயிரம், புறாவுக்கு 22 ஆயிரத்துக்கு மேல். ஜானகி அம்மையாருக்கு மூன்றாவது இடம். எம்ஜிஆருக்கு அப்படி ஓட்டுப் போட்ட ஜனங்கள், அவர் மனைவி என்பதற்காக மட்டும் போட்டுவிடவில்லை. பக்கத்துப் போடிநாயக்கனூரில் அதே தேர்தலில் ஜெயலலிதா ஜெயித்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கட்சி ஒன்றான பிறகு வந்த 1991 தேர்தலில் தொகுதி திரும்பிவிட்டது. 1996 மட்டும் விதிவிலக்கு. அது தமிழ்நாடு முழுக்க அடித்த அலை, ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். 2001-ல் ஜெயித்த தங்க தமிழ்ச்செல்வன், முதல்வர் பதவியை இழந்திருந்த ஜெயலலிதாவுக்காக இடத்தை விட்டுக்கொடுக்க, 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் அவர் 41 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்று, மார்ச்சில் மறுபடி முதல்வரானார். 2006-ல் ஆட்சி கைமாறியபோதும் இங்கே அவருக்கு 25 ஆயிரம் வித்தியாசம் கிடைத்தது. 2011, 2016 இரண்டிலும் தங்க தமிழ்ச்செல்வன்.

2017 செப்டம்பரில் தினகரன் பக்கம் போன 18 எம்எல்ஏக்களைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். அதில் எங்களுடையவரும் ஒருவர். வழக்கு முடிந்து தேர்தல் வருவதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அவ்வளவு காலமும் ஒரு பட்டா பிரச்சினைக்கோ ரோட்டுக்கோ மனுவைத் தூக்கிக்கொண்டு போக ஊருக்கு எம்எல்ஏ இல்லை. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இன்றும் கோபம் உண்டு.

2019 இடைத்தேர்தலில் திமுக நிறுத்தியது மகாராஜனை. அதிமுக நிறுத்தியது அவருடைய உடன்பிறந்த தம்பி லோகிராஜனை. பத்திரிகைகள் அண்ணன் தம்பி சண்டையையே எழுதின. ஆனால் முடிவைத் தீர்மானித்தது மூன்றாவது ஆள். மகாராஜன் ஜெயித்த வித்தியாசம் 12 ஆயிரத்துச் சொச்சம், தினகரன் தொடங்கிய அமமுக கட்சி வாங்கியது அதைவிட நிறைய. 2021-லும் அதே அண்ணன், அதே தம்பி. வித்தியாசம் எட்டரை ஆயிரமாகக் குறைந்தது, அமமுக ஓட்டு அப்போதும் அதைவிட அதிகம். பிரிந்த ஓட்டு மொத்தமும் இலைக்கே போயிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். மகாராஜனும் ஊரில் நன்றாக வேலை பார்த்தார். ஆனாலும் 1989 கணக்கைத் தெரிந்தவனுக்கு 2019-ல் ஆச்சரியமே இருந்திருக்காது.

இரண்டு முதலமைச்சர்கள் ஜெயித்த தொகுதியாச்சே, ஊர் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். வைகை பிறப்பது எங்கள் வருசநாட்டு மலையில். வைகை அணை ஆண்டிபட்டியிலிருந்து கூப்பிடு தூரம். தண்ணீர் போவது மதுரைக்கும் அதற்குக் கீழேயும். இங்கே பாதிக்கு மேல் மானாவாரிக் காடுதான். எங்கள் கண்மாய்களுக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கொண்டு வருவோம் என்ற வாக்குறுதியை எல்லாக் கட்சிக்காரர்கள் வாயிலிருந்தும் கேட்டுவிட்டோம். அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் கடமலைக்குண்டு பக்கம் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.