தாத்தாவின் பெட்டி கிராமபோன் ஓடவில்லை, சரிசெய்யலாமா, விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். குறைந்தபட்சம் அது ஓடாமல் கிடக்கும் நிலையில் விற்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் (சாவி கொடுத்தால் பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போகிறது, ஊசி மாட்டும் தலையில் பின்பக்கம் விரிசல், கறுப்பு ரெக்சின் ஒட்டிய பெட்டி, மூடிக்குள் நாய் படம்) அது அநேகமாக எச்.எம்.வி. 101 அல்லது 102. 101 வந்தது 1925ல். 1931ல் 102 வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஊசித் தலையில், அதாவது சவுண்ட் பாக்ஸில், வட்டமாக மைக்கா தகடு தெரிந்தால் 101 என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத் தகடு என்றால் 102. ஆனால் நம் ஊரில் ஒன்றின் தலையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது சகஜம் என்பதால் இதை மட்டும் வைத்து யாரிடமும் பந்தயம் கட்ட வேண்டாம்.

எங்கள் வீட்டில் இருப்பது 101. பெரியப்பா வைத்திருந்தது. அவர் போன பிறகு பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "இதை நீ எடுத்துட்டுப் போயிருப்பா, இங்க இருந்தா இவனுங்க பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவானுங்க" என்று கொடுத்தார். அப்போது அதற்கும் உங்கள் பெட்டிக்கு இருக்கும் அதே வியாதிதான். சாவி சும்மா சுற்றியது. இதற்கு அர்த்தம் பெரும்பாலும் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது நடுத்தண்டின் கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. மோட்டாரே போய்விட்டது என்று பயப்படத் தேவையில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் இருக்கும் டிரம்மை நீங்களே திறக்காதீர்கள். நீளமான எஃகுப் பட்டை, உடைந்த பிறகும் உள்ளே நெருக்கி அடைந்துதான் கிடக்கும், மூடியைத் தூக்கினால் பாய்ந்து வெளியே வரும், ஓரம் கத்தி மாதிரி அறுக்கும். நான் மோட்டார் பலகையின் திருகுகளைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை மதுரையில் சுவர்க் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். தடித்த தோல் கையுறையோடு அவர் பட்டையைச் சுற்றுச் சுற்றாக வெளியே விட்டதைப் பார்த்திருந்தால் நீங்களும் இந்த எச்சரிக்கையைத்தான் எழுதுவீர்கள்.

எங்களுடையது உள்முனையில் துளை இருக்கும் இடத்தில்தான் உடைந்திருந்தது. அது நல்ல செய்தி. அந்த நுனியை மட்டும் சிவக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு (ஆறவிடாமல் துளை போட்டால் பிட் மழுங்கும்), புதுத்துளை போட்டு, தண்டுக்கு ஏற்றபடி வளைத்துவிட்டார். நீளத்தில் கொஞ்சம் குறையும், பரவாயில்லை, ஒரு பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தானே. நடுவில் உடைந்திருந்தால் ஒட்டுப் போடாதீர்கள், அகலமும் தடிமனும் அளந்து புது ஸ்பிரிங்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் கிரீஸ். பழைய கிரீஸ் காய்ந்து கோந்தாகியிருக்கும். பாட்டு நடுவில் "டொம்" என்று உள்ளே இடிக்கும் சத்தம் வருவது அதனால்தான், ஒட்டிக்கொண்ட சுற்றுகள் திடீரென்று விடுபடுகின்றன. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து கிராஃபைட் கிரீஸ் போட்டால் போதும். கவர்னருக்கு, அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு, தையல் மெஷின் எண்ணெய், அதன் தட்டில் உரசும் ஃபெல்ட் துண்டுக்கும் ஒரு சொட்டு. எதற்கெடுத்தாலும் டபிள்யூடி-40 அடிக்கச் சொல்பவர்கள் இந்தத் தளத்திலும் வருவார்கள், அது துருவை இளக்கும், ஸ்பிரிங்குக்கு மசகாக நிற்காது. வேகம் பார்க்க, இசைத்தட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஒரு நிமிடத்துக்கு எண்ணுங்கள். 78 சுற்று வர வேண்டும்.

சவுண்ட் பாக்ஸ் விரிசல்தான் உண்மையான தலைவலி. அதன் பின்பாகம் துத்தநாகக் கலவை வார்ப்பு. வார்க்கும்போது ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் அது வருடக்கணக்கில் உள்ளேயே அரித்து, வீங்கி, வெடிக்கும். பசை போட்டு ஒட்டினாலும் நிற்காது, வேறு நல்ல சவுண்ட் பாக்ஸ் தேடுவதே வழி. விரிசல் பின்னால் இருக்கும் ரப்பரில் மட்டும் என்றால் கவலையே வேண்டாம், புது ரப்பர் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மைக்காவைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்களும் கல்லாகியிருக்கும், கரகரப்புக்குப் பாதிக் காரணம் அதுதான். நான் மெல்லிய சிலிக்கான் குழாயை அளவுக்கு வெட்டிப் போட்டிருக்கிறேன். "அது அசல் இல்லையே" என்று பின்னூட்டத்தில் வரப்போகும் சேகரிப்பாளர்களுக்கு: தெரியும் ஐயா. எனக்குப் பழைய நாடகப் பாடகர் கிட்டப்பாவின் குரல் கேட்க வேண்டும், அருங்காட்சியகம் வைக்கவில்லை.

இனி சொல்லப்போவதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் குறைவு, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சொந்தத்தில் ஒரு கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற போட்டோவுக்கு "பழைய காலத்து செட்டப்" வேண்டுமென்று பெட்டியைக் கேட்டார்கள். மாமன் முறை, மறுக்க முடியுமா? போட்டோ எடுத்த பையன் டோன் ஆர்மை (ஊசித் தலையைத் தாங்கும் குழாய்) பிடித்துப் பெட்டியைத் தூக்கி மேசை மாற்றினான். திரும்பி வந்தபோது அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. போன் செய்தால், "அதுல ஹாரனே இல்லையே சார், நாங்க யூஸே பண்ணலையே" என்கிறான். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஆல்பத்துக்குக் கொட்டிய காசில் புது டோன் ஆர்மே வாங்கியிருக்கலாம்.

அவன் கேட்ட அந்த ஹாரனில்தான் நான் முதலில் சொன்ன காரணம் இருக்கிறது. இந்தப் பெட்டிகளுக்கு வெளி ஹாரன் (பூப்போல விரிந்த ஒலிக்குழல்) எப்போதுமே கிடையாது, மடித்த ஹாரன் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பழம்பொருள் என்று பளபளவென்று பித்தளை ஹாரனோடு விற்கிறார்களே, அவற்றில் பல சமீபத்தில் செய்தவை. புது மரப்பெட்டி, புது ஹாரன், அதன்மேல் ஒரு நாய் வில்லை. உள்ளே ஓடும் மோட்டார் மட்டும் இப்படி ஓடாத பெட்டி கிராமபோன்களைப் பிரித்து எடுத்தது. ஓடாததென்று நீங்கள் மலிவாகக் கொடுத்தால் உங்கள் தாத்தாவின் பெட்டிக்கும் பெரும்பாலும் அந்தக் கதிதான். எல்லா வியாபாரியும் அப்படி என்று சொல்லவில்லை. காரைக்குடிப் பக்கம் நேர்மையாக, "சார் இது புதுசு, ஷோவுக்கு" என்று சொல்லி விற்பவரையும் பார்த்திருக்கிறேன்.

ஓட ஆரம்பித்ததும் ஒரு பக்கத்துக்கு ஒரு எஃகு ஊசி, அவ்வளவுதான். அரக்கு இசைத்தட்டில் கல்பொடி கலந்திருக்கும், அது ஊசியைத் தேய்க்கும், தேய்ந்த ஊசி அடுத்த பக்கத்தைக் கீறும். ஊசி இன்னும் புதிதாகவே கிடைக்கிறது, டப்பாவாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது எழுபதுகளின் எல்.பி. (வினைல்) தட்டை எடுத்துவந்து "இதையும் போட்டுப் பாரேன்" என்றால் மட்டும் விடாதீர்கள். இவ்வளவு கனமான தலைக்கு அது தாங்காது, முதல் தடவையிலேயே பள்ளம் போய்விடும்.