ஸ்ட்ரெச்சிங்: இந்த வாரக் கேள்விகள்

இந்த வாரம் பாதிக் கடிதங்கள் ஸ்ட்ரெச்சிங் பற்றித்தான். ஆறு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஒர்க்-அவுட்டுக்கு முன்னாலா, பின்னாலா?

அசையாமல் பிடித்து நிற்கிற ஸ்ட்ரெச் என்றால், பின்னால். முன்னால் வேண்டியது வார்ம்-அப். இரண்டும் ஒன்றல்ல.

எத்தனை நொடி பிடிக்க வேண்டும்? (திருப்பூர்)

30 நொடி, ஒவ்வொரு தசைக்கும் இரண்டு முறை, வாரத்தில் மூன்று நாளாவது. தசை ரப்பர் மாதிரி நீண்டுவிடும் என்று நினைக்காதீர்கள். முதல் சில வாரங்களில் கூடுவது பெரும்பாலும் இழுவையைத் தாங்கும் பழக்கம்தான். டைமர் வையுங்கள். வாயால் எண்ணுகிறவர்கள் 30-ஐப் பன்னிரண்டு நொடியில் முடித்துவிடுகிறார்கள், பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

போலீஸ் செலக்‌ஷனுக்குப் பயிற்சி எடுக்கிறேன். 100 மீட்டர் ஓடுவதற்கு முன் மாஸ்டர் எங்களைக் கால் நீட்டி உட்காரவைத்து, முதுகில் இன்னொருவரை அமுக்கச் சொல்கிறார். இரண்டு நிமிடம் அப்படியே. டைமிங் வரமாட்டேன் என்கிறது. (விழுப்புரம்)

எப்படி வரும்? ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அடுத்த சில நிமிடங்களுக்கு அதன் வேகமும் பலமும் ஏறத்தாழ 5 சதவீதம் குறையும். அரை நொடியில் ஸ்டார் மதிப்பெண் பறிபோகிற தேர்வில் அது சின்ன விஷயமா? அடிபடாமல் இருக்கத்தானே இழுக்கிறோம் என்று உங்கள் மாஸ்டர் சொல்வார். ஆஸ்திரேலியாவில் ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த சுமார் 1,500 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் பயிற்சிக்கு முன் ஸ்ட்ரெச் செய்ய வைத்தார்கள். 2000-இல் முடிவு வந்தது. காயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அதைவிட என்னை எரிச்சலாக்குவது அந்த முதுகில் அமுக்குகிற வேலை. எந்த மைதானத்துக்குப் போனாலும் ஒரு பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், மேலே ஒருவன் முழங்காலை ஊன்றித் தள்ளுவான், "இன்னும் கொஞ்சம்டா" என்று நாலு பேர் சிரிப்பார்கள். இழுவை எங்கே வலியாக மாறுகிறது என்பது கீழே இருப்பவனுக்கு மட்டும்தான் தெரியும். இப்படி ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசை, கிழிந்து, உடல்தகுதித் தேர்வன்று வேடிக்கை பார்த்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். வலியில் பிடிக்காதீர்கள், யாரையும் தள்ளவும் விடாதீர்கள். ஐந்து நிமிடம் மெதுவோட்டம், கால் வீசல், முழங்கால் உயர்த்தி ஓடுதல், பிறகு முக்கால் வேகத்தில் மூன்று ஓட்டம். அதுதான் வார்ம்-அப். இழுப்பதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று லெக் டே. இன்று படி இறங்க முடியவில்லை. எந்த ஸ்ட்ரெச் செய்தால் வலி போகும்?

எதுவும் போக்காது. குறைந்தாலும் நூற்றுக்கு இரண்டு, மூன்று அளவுதான். கொஞ்சம் நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், மூன்று நாளில் தானே போகும்.

ஸ்ட்ரெச் செய்தால் வலிக்கிறது. தீர்வு சொல்லவும்.

எங்கே வலி? எந்த ஸ்ட்ரெச்? என்ன வயது? நான் ஜோசியம் பார்ப்பதில்லை. முழுதாக எழுதுங்கள். அதுவரை, வலியில் பிடிக்காதீர்கள்.

கால் நீட்டிக் குனிந்தால் நரம்பு இழுக்கிறது. (மதுரை)

நம் ஊரில் தசை பிடித்தாலும் நரம்பு, சுளுக்கினாலும் நரம்பு. ஆனால் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை சுரீரென்று ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள், உங்களுடையது நிஜமாகவே நரம்பாக இருக்கலாம். அதே நிலையில் தலையை மட்டும் நிமிர்த்திப் பாருங்கள். கால் இழுவை குறைந்தால் சந்தேகம் வலுக்கிறது. நரம்பை இழுத்துப் பிடிக்கக் கூடாது. பிசியோவிடம் போங்கள். மரத்துப்போனாலோ பாதம் தொய்ந்தாலோ உடனே டாக்டரிடம்.

வயது 58. குந்தி உட்கார்ந்தால் பின்னால் சாய்கிறேன். இடுப்புக்கு என்ன ஸ்ட்ரெச்?

இடுப்பை விடுங்கள், முதலில் கணுக்காலைப் பாருங்கள். சுவரிலிருந்து நாலு விரற்கடைக்குக் கொஞ்சம் கூட, 10 செ.மீ. தள்ளிப் பாதத்தை வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். எட்டவில்லை என்றால் அங்கேதான் இறுக்கம். அதே நிலையில் 30 நொடி பிடிக்கலாம், உங்கள் வயதில் ஒரு நிமிடம்கூட நல்லது. டைமர் வையுங்கள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குந்திப் பழகுங்கள். மூட்டு மாற்று அறுவை செய்தவரா என்று எழுதவில்லை. செய்திருந்தால் இது எதையும் தொடாமல் அறுவை செய்த டாக்டரிடம் கேளுங்கள்.