ரங்கூனில் இறந்தவரின் பெயர் எங்கே கிடைக்கும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஐயாவின் அப்பச்சி (தகப்பனார்) ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் மேலாளாக, அதாவது முதலாளிக்காகக் கடையை நடத்துபவராக, இருந்தவர்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டதில் இறந்துவிட்டதாக அப்பத்தா சொல்வார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினேன்; பெயர் வரவில்லை. வேறு வழி உண்டா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: இன்னொரு முறை தேடிவிடுங்கள். அந்தத் தளத்தில் போரில் மாண்ட பொதுமக்கள் 60,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. படைப்பிரிவு கேட்கும் இடத்தில் ‘பொதுமக்கள்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் இறந்த இடத்தை வைத்துப் பிரிக்கப்பட்டது, ஆகவே நாடு பர்மா (இன்றைய மியான்மர்). பர்மாவில் செட்டியார் என்பதை ஆங்கிலத்தில் ‘ஐ’ இருக்கும் இடத்தில் ‘ஒய்’ போட்டு எழுதுவது வழக்கம். அதையும், ‘செட்டி’ என்பதையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். விலாச எழுத்துகளை (கடையின் பெயராகப் போடும் முதலெழுத்துகளை) முதல் தடவை விட்டுவிடுங்கள்.

அப்படியும் வராமல் போகலாம். 1941 டிசம்பர் 23, 25 தேதிகளில் குண்டு விழுந்ததும் ஊரே காலியானது. இறந்தவர் இன்னார் என்று எழுதிக்கொடுக்க ஆள் இல்லை. பர்மாவிலிருந்து தப்பி, தாமு, பாலேல் வழியாக இம்பாலுக்கு நடந்தவர்களில் காலராவிலும் மலேரியாவிலும் போனவர்கள் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

நம் வீடுகளில் இருக்கும் தாள்களையே நான் அதிகம் நம்புவேன். பெட்டகத்தில் சம்பளச் சீட்டு (வேலைக்குப் போகும்போது முதலாளியோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தம்) இருந்தால் எந்த விலாசத்துக்கு, எந்த ஊர்க் கடைக்குப் போனார் என்று தெரிந்துவிடும். கணக்கு, அதாவது ஒரு தடவை போய் வேலை பார்க்கும் காலம், வழக்கமாக மூன்று வருஷம். முடிகிற தேதியைப் பார்த்தால் அவர் 1941 கடைசியில் அங்கே இருந்திருக்க முடியுமா என்பதும் தெரியும். முதலாளி வீட்டுப் பேரேட்டில் அவர் பற்று எந்தத் தேதியோடு நிற்கிறது என்று பாருங்கள்.

திதி கொடுக்கிறீர்களா? அந்த இரண்டு குண்டுவீச்சும் விஷு வருஷம் மார்கழி வளர்பிறையில் நடந்தவை. உங்கள் வீட்டுத் திதி தேய்பிறையானால் அந்த நாட்களில் இறந்திருக்க முடியாது. ஆனால் நாள் தெரியாதவருக்கு அமாவாசையில் கொடுப்பதும், சேதி வந்த நாளையே வைத்துக்கொள்வதும் உண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் அதைக் கேட்காமல் தேதியை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து பாகப்பிரிவினைப் பத்திரம். ‘இன்ன வருஷம் ரங்கூனில் காலமாகிவிட்டபடியால்’ என்பது போன்ற வாசகம் முகப்பிலேயே இருக்கக்கூடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 1942 முதல் ஒரு பத்து வருஷத்துக்குப் பெயர் அட்டவணையில் தேட மனுக் கொடுங்கள். இவ்வளவு பழையதைக் கணினியில் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: பினாங்கில் இறந்தவருக்கும் இதே முறைதானா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: ஒரு வசதி கூடுதல். அங்கே சொத்தோ பாக்கியோ இருந்திருந்தால், போருக்குப் பின் வாரிசுகள் நீதிமன்றத்தில் நிர்வாக உரிமை கேட்டிருப்பார்கள். அந்த மனுவில் இறந்த தேதி, இடம், வாரிசுகள் எல்லாம் வரும். அதைப் பற்றிய அறிவிப்பு பத்திரிகையில் வந்ததா என்று சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில், 1945 செப்டம்பருக்குப் பிந்தைய இதழ்களில், விலாசத்தைப் போட்டுத் தேடுங்கள். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்தும் வைக்காமலும் தேட வேண்டும். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கும்.